அடுப்பு எத்தனை நிமிஷம்?

சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டு வருகிறவளிடம் "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்கிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. என் மகன் தினமும் கேட்பான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. நாளெல்லாம் மேலும் கீழும் போய் வருகிறவனுக்குப் பசிக்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கிற தொனி இருக்கிறதே, ஏதோ நான் ஹோட்டல் வைத்திருப்பதுபோல.

எனக்குச் சமைக்க வராது. இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. உப்பு கூடும், இல்லாவிட்டால் குறையும். நடுவில் ஒருநாளும் நின்றதில்லை. "நீ சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும்மா" என்பான் மகன். அவனை அப்படித் தின்ன வைத்துத்தான் ஆறடிக்கு வளர்த்தேன் என்பது அவனுக்கு மறந்துவிடும்.

ஆனால் போன மாதம் வரைக்கும் எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், நல்ல சமையல் யாருடையது என்றால் என்னைத்தான் சொல்லியிருப்பார்கள். அது எப்படி என்பதுதான் கதை.

எங்கள் கட்டடம் ஐந்து மாடி. நாற்பது வீடு. வெயில் காலத்தில் சமையலறைகள் எல்லாம் கொதிகலன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருக்கிற, தொழிற்சாலை கேன்டீன் மேற்பார்வையாளர் அம்மா போனில் ஒரு குழு ஆரம்பித்தார். பெயர் 'அடுப்பை அணை'. வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து முதல் மழை வரைக்கும், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, அன்றைய ராத்திரி சாப்பாட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். கீழே அடுப்பு எத்தனை நிமிஷம் எரிந்தது என்று எழுத வேண்டும். குறைய எரிந்தால் மரியாதை. இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் எல்லோரும் தீயணைப்பு வண்டிப் பொம்மை ஒன்றை அனுப்புவார்கள். போன வருஷம் நான் ஐந்து தடவை போட்டேன். ஐந்து தடவையும் வண்டி வந்தது.

நாலாம் மாடிப் பல் டாக்டர் என்ன செய்தாலும் அது உருளைக்கிழங்காகத்தான் இருக்கும். பெயர் மட்டும் தினம் மாறும். இரண்டாம் மாடித் தையல்காரர் எல்லாம் தன் கையால் செய்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதுவார். கேட்காமலேயே எழுதுவார்.

இந்த வருஷம் வெயில் தொடங்கும்போது என் மருமகள் என்னோடு இருந்தாள். அதற்கு முன் அவளும் மகனும் தனியாகத்தான் இருந்தார்கள். அவள் வேலை பார்த்த பூக்கடையை மூடிவிட்டார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை, இங்கே வந்துவிட்டார்கள். ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். போகிற இடத்தில் எல்லாம் "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். யாரும் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

பூக்கடையில் ஆறு வருஷம் இருந்தவள். எது எத்தனை மணிக்கு வாடும் என்று அவள் விரலுக்குத் தெரியும். புதினாவை வாங்கி வந்தால் காம்பைச் சாய்வாக நறுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைப்பாள். வெள்ளரிக்காயைத் தயிரில் போட்டால் எனக்கு அரை மணியில் குளமாகிவிடும். அவள் செய்தால் ராத்திரி பத்து மணிக்கும் கடிக்கும்போது சத்தம் வரும். வந்த வாரமே சமையலறையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு நான் நிம்மதியாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

வெயிலின் முதல் வாரத்தில் ஒருநாள் ஆறேமுக்காலுக்கு ஒரு நீலத் தட்டு ஜன்னல் பக்கம் மேசையில் இருந்தது. எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலை, வதக்கிய தக்காளி, வெள்ளரித் தயிர், உப்பும் மிளகும் தூவிய தர்பூசணி. பார்க்கவே கண் குளிர்ந்தது. அடுப்பு எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். "எட்டு, அத்தை. கடலை நேத்தே வெந்துடுச்சு, தக்காளிக்கு மட்டும்தான்" என்றாள். படம் எடுத்து 'அடுப்பு: 8 நிமிஷம்' என்று போட்டேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை.

பல் டாக்டர் முதல் ஆளாக வந்தார். "அக்கா! இது உங்க கையா?"

'மருமகள் செய்தது'. இரண்டே வார்த்தைதான் எழுத வேண்டும். கட்டைவிரல் எழுத்து மேல்தான் இருந்தது. அதற்குள் பதினோரு பேர் கை தட்டிவிட்டார்கள். நான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். அந்தப் பொம்மைதான் என்னைக் கவிழ்த்தது.

அப்புறம் ஐந்து வாரம். நீலத் தட்டு, ஏழு மணி, கைதட்டல். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "அக்கா, அந்தத் தக்காளி..." என்று ஆரம்பிப்பார்கள். கடையில் என்னைவிட இருபது வயது சின்ன முதலாளி என்னை வெள்ளைச் சட்டைக் காலருக்காகத் திட்டியிருப்பார். வீட்டுக்கு வந்து படம் போட்டால் நாற்பது வீடு என்னைக் கொண்டாடும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேள்விகள் வந்தால்தான் சங்கடம். வெள்ளரிக்காய் எப்படித் தண்ணி விடாமல் இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் போய்க் குற்றம் கண்டுபிடிக்கிற மாமியார் மாதிரி நிற்பேன்.

"ஏன் இதுல இன்னும் உப்பு போடல?"

"இப்பவே போட்டா தண்ணி விட்டுடும் அத்தை. முதல்ல தனியா உப்பு போட்டுப் பிழிஞ்சுட்டேன். தயிர்ல கடைசியாதான்."

"ம்ம். என்னமோ செய்" என்று சொல்லிவிட்டு, ஃபேனுக்குக் கீழே வந்து அப்படியே எழுதி அனுப்பிவிடுவேன். அவள் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுவாள். எவ்வளவு வெகுளி இந்தப் பெண் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முட்டை செய்தாள். அவித்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் நறுக்கிய வெங்காயமும் போட்ட குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தது. சூட்டோடு போட்டால்தான் முட்டை குடிக்குமாம். மறுநாள் பாதியாக வெட்டி வைத்தாள். நான் நாலு தின்றேன். அன்றைக்குப் படத்துக்குக் கீழே என்ன வந்ததோ எனக்கு, 'எங்கம்மா கைப்பக்குவம்' என்று எழுதினேன். எங்கம்மாவுக்கு முட்டையை உடையாமல் அவிக்கவே தெரியாது.

அந்த முட்டைதான் கட்டடத்தையே கலக்கியது. செய்முறை கேட்டு அத்தனை பேரும் பிடுங்கினார்கள். வழக்கம்போல வாசலில் நின்று கேட்டு எழுதினேன். பல் டாக்டர் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, "உங்களுது மாதிரி வரல அக்கா. ஏதோ ஒண்ணு குறையுது" என்றார். "கை வாகுதான்" என்று பதில் போட்டேன். எனக்கே என்னைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை கேன்டீன் அம்மா என் கடைக்குத் திரைச்சீலை கொடுக்க வந்தார். ரசீது எழுதி முடித்தும் போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எங்க கண்ணாடித் தொழிற்சாலைல நூத்தி முப்பது பேர். உலைக்கு முன்னாடி நின்னுட்டு வர்றவங்க, சூடா எதை வச்சாலும் தட்டைத் தள்ளிட்டுப் போயிடறாங்க. போன வாரம் ரெண்டு பேர் மயங்கி விழுந்துட்டாங்க. குளிர்ச்சியா சாப்பாடு போட தனி கவுன்ட்டர் வைக்கப் போறோம். நீங்க வர்றீங்களா?"

"நானா?"

"வெள்ளிக்கிழமை வந்து முப்பது பேருக்குச் செஞ்சு காட்டுங்க. புடிச்சா நிரந்தர வேலை. நாளைக்கு ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆளுக்குச் சொல்லணும்."

எனக்கு முதலில் வந்தது பெருமை. பொய் சொல்ல மாட்டேன். ஒரு பத்து நிமிடம் நான் அந்த கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நூற்று முப்பது பேருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்புறம் இஸ்திரிப் பெட்டி ஒரு தலையணை உறையைத் தீய்த்தது. நினைவு வந்தது.

வீட்டுக்குப் போனால் மருமகள் மேசையில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். அது எத்தனையாவது என்று நான் எண்ணவில்லை. அவளும் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

"அத்தை, 'அனுபவம்'ங்கிற எடத்துல பூக்கடைன்னு எழுதினா சிரிக்கிறாங்க. வேற என்ன எழுதலாம்?"

இந்தக் கட்டடத்தில் நாற்பது வீட்டுக்கும் தெரிந்த அனுபவம் அவளுடையது. என் பெயரில் இருக்கிறது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒரு யோசனை செய்தேன். என் மானமும் போகக் கூடாது, அவளுக்கு வேலையும் கிடைக்க வேண்டும். புத்திசாலித்தனமாக இருப்பதாக எனக்கே பட்டது. புதன்கிழமை மத்தியானம் கேன்டீன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு முட்டிவலி, அவ்வளவு நேரம் நிக்க முடியாது. என் மருமகளை அனுப்புறேன். எல்லாம் நான் கத்துக் குடுத்ததுதான். அப்படியே செய்வா."

"தப்பா நினைக்காதீங்க அக்கா. கத்துக்கிட்டு வந்தவங்க மூணு பேரைப் பாத்துட்டேன். சொல்லிக் குடுத்தது வரைக்கும் செய்யறாங்க. தயிர் புளிச்சா, காய் வரலன்னா முழிக்கிறாங்க. எனக்கு சொந்தமா யோசிச்சுச் செய்யற கைதான் வேணும். நீங்க வர முடியலன்னா விட்டுடுங்க, நான் வேற ஆளைப் பாக்கறேன்."

போனை வைத்துவிட்டேன். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள் முட்டிவலி என்று சொன்னதை அந்த அம்மா நம்பினாரோ இல்லையோ. ஆனால் ஒன்று புரிந்தது. நான் கற்றுக்கொடுத்தேன் என்கிற வரைக்கும் அவளுக்கு அந்த வேலை கிடைக்காது. பாதி உண்மைக்கு அங்கே வழி இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல ஆறேமுக்காலுக்கு நீலத் தட்டு ஜன்னல் பக்கம் வந்தது. குளிர்ந்த பாஸ்தா, வெள்ளரி, அவித்த பீன்ஸ். மருமகள் திரும்பிச் சமையலறைக்குப் போகப் பார்த்தாள்.

"நில்லு. தட்டைக் கையில புடி."

"ஏன் அத்தை?"

"புடின்னா புடியேன். கேள்வி கேக்காத. இந்தப் பக்கம் பாரு."

படம் எடுத்தேன். அவள் முகமும் தட்டும் ஒன்றாக விழுந்தன. பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

'இந்த வெயிலில் நான் போட்ட சாப்பாடு எதுவும் நான் செய்ததில்லை. எல்லாம் இந்தப் படத்தில் நிற்கிற என் மருமகள் செய்தது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவளிடம் கேட்டுத்தான் பதில் போட்டேன். நான் அவளுக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு முட்டிவலியும் இல்லை. கேன்டீனுக்குக் கூப்பிட வேண்டியது அவளைத்தான். அடுப்பு: அவள் 7 நிமிஷம். நான் 0.'

ஏழு மணிக்கு அனுப்பினேன். குழு அப்படியே உறைந்துபோனது. தையல்காரர் மட்டும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. நிறுத்துவார், மறுபடி எழுதுவார், மறுபடி நிறுத்துவார். கடைசி வரைக்கும் ஒன்றும் வரவில்லை. அவர் 'தன் கையால்' என்று போட்டதெல்லாம் யார் செய்தது என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பிறகு பல் டாக்டர். "அப்ப அந்த முட்டை?"

"அதுவும்தான்."

மருமகள் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தாள். நான் திரும்பவில்லை. முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

"தெரியும் அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்தே. அவர் போன்லயும் அந்த குரூப் இருக்கே. ராத்திரி ரெண்டு பேரும் படிப்போம். இல்லன்னா தினம் ஆறேமுக்காலுக்கு வெளிச்சம் விழற எடமாப் பாத்து நான் ஏன் தட்டை வைக்கறேன்?"

ஐந்து வாரம். வெகுளி என்று நினைத்தேனே.

"கேட்டிருக்கலாம்ல? சண்டை போட்டிருக்கலாம்ல?"

"கடையிலேர்ந்து வரும்போது உங்க மூஞ்சி பாக்க சகிக்காது அத்தை. அந்தப் படத்தைப் போட்டதும்தான் சிரிப்பீங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்." நீலத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "அந்த முட்டைக்கு மட்டும்தான் கோவம் வந்துச்சு. எங்கம்மா சொல்லிக் குடுத்தது அது."

அவள் அம்மா போய் மூன்று வருஷம். சாவு வீட்டுக்கு நான் போயிருந்தேன். அந்தச் சம்பந்தியம்மாள் கையால் ஒருவேளை சாப்பிட்டும் இருக்கிறேன். அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன், நாலு கைதட்டலுக்காக. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"அதையும் எழுதிடறேன்" என்று போனை எடுத்தேன்.

"விடுங்க அத்தை. பாஸ்தா சூடாகுது" என்றாள். குளிர்ந்த பாஸ்தா சூடாகிறது என்று சாப்பிடக் கூப்பிட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஏழே காலுக்குக் கேன்டீன் அம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவங்கள வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க. முட்டை உரிக்க ஆள் வேணும்."

வியாழக்கிழமை மருமகள் மறுநாளைக்கான பட்டியலும் கையுமாக இருந்தாள். அதனால் அன்றைய ராத்திரிச் சமையல் நான். சாதமும் கத்தரிக்காயும். ஏழு மணிக்குப் படம் போட்டேன். செய்தது நான், அடுப்பு நாற்பத்தொரு நிமிஷம். முப்பத்திரண்டு தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு வண்டி மகன் அனுப்பியது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. ஆனால் சாதத்தை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன். கேன்டீன் நீளமான கூடம், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். நடுவில் எஃகு மேசை. மருமகள் தலைமுடியைத் துணியில் கட்டிக்கொண்டு நின்றாள். தயிர் வந்தது புளித்திருந்தது. நான் பதறினேன். அவள் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, எலுமிச்சையைக் குறைத்துப் பழுத்த முலாம்பழத்தை நறுக்கிப் போட்டாள். கேன்டீன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குறித்துக்கொண்டார்.

முட்டை முதல் நாளே ஊற வைத்திருந்தாள். அதுபோக, மறுநாளைக்கு ஊற வைக்க இன்னும் அறுபது வேண்டும் என்று கேன்டீன் அம்மா கேட்டார். நான் சுடச்சுட உரித்தேன். விரல் நுனி எல்லாம் சிவந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. உலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் ஈரத் துண்டு, முகம் செங்கல் மாதிரி. முப்பது பேருக்கென்று சொன்னது ஐம்பதாகிவிட்டது. முதலில் வந்தவர் தட்டோடு நின்று சாப்பிட்டார். நாற்காலி வரைக்கும் போகவில்லை. கடைசிக் கவளத்தோடு திரும்பி வரிசையின் பின்னால் போய் நின்றார்.

அப்போதுதான் வாசல் பக்கம் இருந்த கரும்பலகையைப் பார்த்தேன். கேன்டீன் அம்மா அழகான கையெழுத்தில் அன்றைய உணவுகளை எழுதியிருந்தார். நாலாவது வரி: 'எலுமிச்சை முட்டை. சலவைக்கடை அக்காவின் அம்மா கைப்பக்குவம்.'

என் பொய் எனக்கு முன்னாலேயே வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. மருமகளும் அதைப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு நேர் எதிரே அந்தப் பலகை.

நான் முட்டையை வைத்துவிட்டுப் போனேன். சாக்பீஸ் எங்கே என்று கேன்டீன் அம்மாவிடம் கேட்டேன். "என்ன ஆச்சு அக்கா?" என்றார். "அது என் அம்மாவோடது இல்லீங்க. அதையும் நான்தான் பொய்யா எழுதினேன்" என்றேன். கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். எனக்குச் சின்னக் குரல் கிடையாது. ஏப்ரன் நுனியால் அந்த வரியைத் துடைத்தேன். என் கையெழுத்து கோணல்தான். 'எலுமிச்சை முட்டை. இங்கே சமைக்கிற பெண்ணின் அம்மா கைப்பக்குவம்' என்று எழுதினேன். இடம் போதாமல் கடைசி வார்த்தை கீழே இறங்கிவிட்டது.

கேன்டீன் அம்மா பலகையையும் என்னையும் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "திங்கட்கிழமைலேர்ந்து எட்டு மணிக்கு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டு ஐஸ் கொண்டுவரப் போனார்.

நான் என் இடத்துக்கு வந்து அடுத்த முட்டையை எடுத்தேன். மருமகள் கத்தியைக் கீழே வைத்திருந்தாள். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"அத்தை, அந்த முட்டை ஊறுற தண்ணில அம்மா ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போடுவாங்க. நீங்க கேட்டப்ப அதை மட்டும் சொல்லல."

பல் டாக்டர் இரண்டு தடவை செய்து பார்த்தது ஞாபகம் வந்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"இப்ப சொல்லிட்டேன்ல" என்று சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் ஒரு ஸ்பூன் அளந்து போட்டேன்.